முதல் நாள் பாடம்

நெரவி
9.6.2024

அன்புத் தம்பி அகரனுக்கு, அக்கா வெண்மதி எழுதுறது.

நாங்க இங்க மூச்சு விட்டுக்கிட்டு இருக்கோம். அம்மாவுக்குச் சக்கரை ஏறி இறங்குது. உன் மருமக இனியா ஏழாங்கிளாஸ் போயிட்டா. நீ சாப்பிடுறியா, தூங்குறியா, அதை மொதல்ல எழுது. காலாப்பட்டு ஜெயிலுக்கு வந்து உன்னைப் பார்க்கணும்னா ஒரு நாள் முழுசாப் போயிடுது. அதனால கடுதாசிதான் கதி. உள்ள படிச்சுப் பார்த்துட்டுத்தான் குடுப்பாங்கன்னு வக்கீல் சொன்னார். படிக்கட்டும், நம்மகிட்ட என்ன ரகசியம் இருக்கு.

ரெண்டாவது தடவையும் ஜாமீன் இல்லேன்னுட்டாங்க. வக்கீல் சோமசேகரன் என்னைத்தான் மலைபோல நம்பியிருக்கார். அன்னிக்கு உன் ஜூஜிட்சு வாத்தியார் தமியேன் வீட்டு மாடியில உங்க ரெண்டு பேரைத் தவிர இருந்தது நான் ஒருத்திதானே. இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னதைத்தான் கோர்ட்லயும் சொல்லப் போறேன். சாப்பாட்டுக் கூடையோட வாசல்ல வந்து நின்னேன். நீ மேல, தமியேன் கீழ, கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் கெடந்தீங்க. அவன் கை உன் முதுகுல செல்லமாத் தட்டிக்கிட்டு இருந்துச்சு. சண்டையே இல்ல, சிநேகிதம்தான். அப்புறம் நீ எழுந்திரிச்சே, அவன் எழுந்திரிக்கல. மூணாம் நாள் ஆஸ்பத்திரியில போயிட்டான். இதுல பொய் எங்க இருக்கு?

ஆனா உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? 'ஜூஜிட்சுங்கறது குஸ்தி மாதிரி ஒரு வெளையாட்டுத்தானே, வெளையாட்டுல எப்படிம்மா ஆள் சாவான்'னு பஸ்ல கேக்குறாங்க, நான் வேலை பார்க்குற ஸ்கூல் ஆபீஸ்ல கேக்குறாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு வர்றேன். உன்கூடக் கத்துக்கிட்ட மெஹர் பானு, தமியேன் வீட்டு மாடியில மறுபடி ஞாயித்துக்கிழமை கிளாஸ் ஆரம்பிச்சிருக்கா. கேக்குறவங்களுக்குச் சொல்லவாவது நானும் போய்க் கத்துக்கலாமான்னு பார்க்குறேன். ஒரு மணி நேரம்தான். டாக்டரும் ஒடம்பை அசைக்கச் சொல்றார்.

ஒடம்பைப் பார்த்துக்க.
உன் அக்கா


காலாப்பட்டு
24.6.2024

அன்புள்ள அக்காவுக்கு, அகரன் எழுதுறது.

நல்லா இருக்கேன். சோறு பரவாயில்ல, ரசம்தான் சுடுதண்ணி. அம்மா காபியில திருட்டுத்தனமாச் சக்கரை போட்டுக்கும், ஒரு கண்ணு வெச்சுக்க.

கிளாஸுக்கெல்லாம் போகாதே. முப்பத்தாறு வயசுல உனக்கு எதுக்கு இந்த வேலை? வாரத்துக்கு ஒரு மணி நேரத்துல ஒண்ணும் வராதுக்கா. என்னைவிட அது யாருக்குத் தெரியும்? ஏழு வருஷம். ஃபேக்டரி ஷிப்டு முடிஞ்சு கண்ணு எரிய எரிய நேரா அந்த மாடி ஏறுவேன். வாரம் ரெண்டு மணி நேரம், அதுலயும் பாதி வாரம் ஓவர்டைம் தின்னுடும். இந்த வாரம் கத்துக்கிட்டது அடுத்த ஞாயிறுக்குள்ள மறந்துபோகும். நீல பெல்ட்டோட அஞ்சு வருஷம் நின்ன எடத்துலயே நின்னேன்.

தமியேனுக்கு என்ன? அவங்கப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா இருந்தவர். அந்தப் பென்ஷன் அவர் இருந்தவரைக்கும் அவருக்கு, அப்புறம் அவங்கம்மா மதாமுக்கு. பிரான்சுக்குப் போய்க் கத்துக்கிட்டு வந்து, வீட்டு மாடியிலயே மெத்தை மேட்டு விரிச்சுக் கிளாஸ் ஆரம்பிச்சான். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நேரம் அவனுக்குக் கொழாய்த் தண்ணி, எனக்கு லாரித் தண்ணி.

போகட்டும், செத்தவனைப் பேசக் கூடாது. நீ போகாதே. அவ்வளவுதான்.

உன் தம்பி


நெரவி
14.7.2024

தம்பி அகரனுக்கு அக்காவோட அன்பு.

வீட்டுல எல்லாரும் சொகம். நீ வேணாம்னே, நான் போயிட்டேன். சின்ன வயசுலேர்ந்து நீ வேணாம்னா நான் செய்வேன், தெரியாதா?

காலையில ஆறு மணி பஸ். மதாம் மார்கெரித் கீழ வாசல்ல செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தாங்க. எம்புள்ளையக் கொன்னவன் அக்கா எந்த மூஞ்சியோட மாடி ஏறுறேன்னு கேப்பாங்கன்னு தெருவுலயே நின்னேன். கேக்கல. கேட்டைத் தெறந்து விட்டுட்டு உள்ள போயிட்டாங்க. அதுக்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

நீ கிளாஸுக்குப் போட்டுக்கிட்டுப் போற பழைய வெள்ளைக் கோட்டை மாட்டிக்கிட்டுப் போனேன். அதுல என்னைப் பார்த்து இனியா உருண்டு உருண்டு சிரிச்சா. மெஹர் பானு எனக்குப் பிடி எதுவும் சொல்லிக் குடுக்கல. மொத நாள் மொதப் பாடம்னு ஒண்ணு சொல்லிக் குடுத்தா. அது உனக்கே தெரியும். உனக்கும் மொத நாள் அதுதானா?

வீட்டுக்கு வந்தா சோறு எறங்கல. வெயில்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்.

பதில் போடு.
அக்கா


நெரவி
18.8.2024

அகரனுக்கு அக்கா எழுதுறது.

அஞ்சு வாரமா உன்கிட்டேர்ந்து ஒரு வரி இல்ல. ஒடம்புக்கு என்னமோன்னு அம்மா பொலம்பிக்கிட்டு இருக்கு. இருக்கேன்னாவது எழுது.

நான் கேட்டது புரியலையோன்னு வெளக்கமாவே எழுதுறேன். மெஹர் பானு என் கையைப் பிடிச்சு அவ முதுகுல வெச்சா. 'அக்கா, வலிச்சாலோ மூச்சு முட்டினாலோ இங்க தட்டுங்க. தட்டினா எதிராளி அந்த நொடியே விட்டுடணும். எல்லாப் பிடிக்கும் முன்னாடி இதுதான். இதைக் கத்துக்குடுக்காம தமியேன் அண்ணன் யாரையும் மேட்டுல கால் வைக்க விட மாட்டாங்க'ன்னா.

நான் அவ முதுகுல கையை வெச்சபடியே நின்னுட்டேன். 'என்னக்கா?'ன்னா. ஒண்ணுமில்லன்னேன்.

எத்தனை தடவை தட்டணும் அகரா? அவகிட்ட கேக்க எனக்கு வாய் வரல. நீ சொல்லு.

அக்கா


காலாப்பட்டு
8.9.2024

அன்பு அக்காவுக்கு.

காய்ச்சல்ல கெடந்தேன், அதான் எழுதல. இப்போ தேவலாம்னு அம்மாகிட்ட சொல்லிடு.

ஏறிட்டே, இனி எறங்க மாட்டே, உன்னைத் தெரியாதா. அப்படின்னா ஒழுங்காக் கத்துக்க. கொஞ்ச நேரம் இருக்குறவங்க எல்லாத்தையும் கத்துக்கப் பார்த்தா கடைசியில கையில ஒண்ணும் நிக்காது. ஒண்ணே ஒண்ணைப் பிடிச்சுக்க. கீழ மாட்டிக்கிட்டா வெளிய வர்றது எப்படி? ஆறு மாசத்துக்கு அது மட்டும். மத்தது சொல்லிக் குடுத்தாலும் தலையை ஆட்டிட்டு இதுக்கே வந்துடு. பஸ்ல உக்கார்ந்ததும் கண்ணை மூடி அன்னிக்குச் செஞ்சதை மனசுல ஒரு தடவை ஓட்டு. வீட்டுக்கு வந்து அடுப்படிக்குப் போறதுக்கு முன்னாடி நோட்டுல எழுது. வெதநெல் மூட்டை இருக்குல்ல, அதுமேல படுத்துப் பழகு. தெனம் பத்து நிமிஷம் போதும். முரட்டு ஆளுங்ககூட மல்லுக்கட்டாதே. வாரத்துக்கு ஒரு மணி நேரம் வர்றவங்களுக்கு ஒரு சுளுக்குன்னா ஒரு மாசம் போயிடும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரலக்கா. நானாக் கண்டுபிடிச்சது.

கோர்ட்ல கூப்பிட்டா இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னதையே சொல்லு. கூடவும் வேணாம், கொறையவும் வேணாம். பீரோவுல என் நீல பெல்ட் இருக்கும், அந்துருண்டை போட்டு வை.

உன் தம்பி


நெரவி
10.11.2024

அகரனுக்கு, நலமா இருப்பேன்னு நம்பி எழுதுறேன்.

தீவாளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கல. அம்மாதான் உனக்குப் பிடிக்கும்னு கொஞ்சம் அதிரசம் சுட்டுட்டு, அதை யாரும் தொடக் கூடாதுன்னு தூக்கி வெச்சுடுச்சு. பூஞ்சை பிடிச்சுப் போச்சு.

நீ சொன்னபடிதான் கத்துக்குறேன். பொய் சொல்லக் கூடாது, நீ நல்ல வாத்தியார். நாலு மாசத்துல இவ்வளவு தேறினவங்களைப் பார்த்ததில்லன்னு மெஹர் பானு சொல்றா. நெல் மூட்டையோட நான் உருளுறதைப் பார்த்துட்டு உன் அத்தான் 'மூட்டையைத் தூக்கச் சொன்னா முடியாதுங்கறே, குஸ்தி போட மட்டும் தெம்பு இருக்கா'ங்கறார். ஆனா மூட்டையில ஒரு கொறை இருக்குடா. அது தட்டாது.

போன ஞாயிறு, அன்னிக்கு நீ தமியேனுக்குப் போட்ட அந்தப் பிடியைக் கேட்டு வாங்கிக் கத்துக்கிட்டேன். கையையும் கழுத்தையும் சேர்த்து அணைக்குறது. மெஹர் பானு மொதல்ல மாட்டேன்னா. அப்புறம் எனக்குப் போட்டா. காதுக்குள்ள அலை அடிக்குது, கண்ணோரம் கருக்குது. தட்டணும்னு நான் நெனைக்கக் கூட இல்ல, கை தானாப் போய்த் தட்டுச்சு. விட்டுட்டா. அப்புறம் அவளுக்கு நான் போட்டேன். ரெண்டு தடவை தட்டினா. அவ்வளவு தடிமனான கோட்டுக்கு மேலேயும் எனக்கு எலும்பு வரைக்கும் தெரிஞ்சுது.

அன்னிக்குக் காலையில தமியேன் அவளுக்கு நீலத்துக்கு அடுத்த ஊதா பெல்ட் குடுத்தானாமே? உனக்கு மூணு வருஷம் கழிச்சு வந்தவளாமே. 'நீ வாரத்துக்கு ரெண்டு மணி நேரம்தானே வர்றே, மெதுவா வாங்கிக்கலாம்'னு எல்லார் முன்னாடியும் சிரிச்சானாமே. இதை நீ என்கிட்டயும் சொல்லல, வக்கீல்கிட்டயும் சொல்லல. 'போலீஸ்ல நீ சொல்லலியா'ன்னு அவகிட்ட கேட்டேன். 'அகரன் அண்ணன் அப்படிப்பட்டவங்க இல்லக்கா'ன்னா. எனக்கு மூஞ்சியை எங்க வெச்சுக்குறதுன்னு தெரியல.

எத்தனை தடவை தட்டணும்னு கேட்டிருந்தேன். மறந்துட்டே போல.

அக்கா


காலாப்பட்டு
2.12.2024

அக்காவுக்கு. நான் நலம்.

அவன் சிரிச்சதெல்லாம் வக்கீல்கிட்ட சொல்ற விஷயமா? அவன் சிரிச்சான், நானும் சிரிச்சேன். ஏழு வருஷமா ஒவ்வொரு தடவையும் சிரிச்சுக்கிட்டுத்தான் நின்னேன்.

நாலு மாசம், வாரத்துக்கு ஒரு மணி நேரம். அதுக்குள்ள எனக்கே பாடம் எடுக்க வந்துட்டியா? அரைகொறையாக் கத்துக்கிட்டவங்கதான் ரொம்பப் பேசுவாங்க. வேகமா உருளும்போது தட்டினது தெரியாமப் போகும். வேர்வை, மேல ஃபேன் போடுற சத்தம், அவனவன் மூச்சு எரைப்பு. உனக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது.

பெத்தவளை நெனைச்சுப் பாரு. படிச்சதும் இதைக் கிழிச்சுப் போட்டுடு.

அகரன்


நெரவி
12.1.2025

தம்பிக்கு.

நாளன்னிக்குப் பொங்கல். நல்லா இருன்னு வாழ்த்துறேன். வீட்டுக்குக் கரும்பு வாங்கல. கடுதாசியைக் கிழிக்கவும் இல்ல.

அன்னிக்குக் கரண்ட் இல்ல, அகரா. காலையிலேர்ந்தே கட். காத்து வரட்டும்னுதான் மாடிக் கதவைத் தெறந்து போட்டிருந்தீங்க. அதனாலதான் நான் வாசல்ல நின்னபடியே பார்த்தேன். ஃபேன் சுத்தவே இல்ல. முதுகுல தட்டுறதுக்குக் காது எதுக்குடா? வேகமா உருளவும் இல்ல. ரெண்டு பேரும் அசையாமக் கெடந்தீங்க. அந்தக் கை மட்டும்தான் அசைஞ்சுது.

பிப்ரவரி இருபதாம் தேதி எனக்குச் சாட்சி. நான் பேயறைஞ்ச மாதிரி திரியறதைப் பார்த்து அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. காசியம்மா யாருக்கும் தலை குனியாதவன்னு ஊரே சொல்லும். நேத்து பெத்த மக கால்ல விழுந்துச்சு. 'செல்லமாத் தட்டினான்னு சொன்னா உனக்கு என்னடி கொறஞ்சுபோகும்'னு கேட்டுச்சு. அதைத் தூக்கி உக்கார வெச்சுட்டு ஸ்கூலுக்குப் போனேன். பஸ்ஸு பூரா அழுதேன்.

ஒண்ணே ஒண்ணு செய். அவன் தட்டினது எனக்குத் தெரியவே தெரியாதுன்னு அம்மா மேல சத்தியம் பண்ணி ஒரு வரி எழுது. நம்பத் தயாரா இருக்கேன். அந்த ஒரு வரி வந்துட்டா பழையபடியே சொல்லிடறேன். கட்டையில போற வரைக்கும் மாத்த மாட்டேன்.

காத்துக்கிட்டு இருக்கேன்.
அக்கா


காலாப்பட்டு
3.2.2025

என் அக்காவுக்கு.

நீ நல்லா இருக்கணும். அம்மா நல்லா இருக்கணும்.

எனக்கு ஆறு வயசுல வாய்க்கால்ல முழுகினேனே, நீதானே குதிச்சுத் தலைமயிரைப் பிடிச்சு இழுத்தே. அன்னிக்கு உனக்கும் நீச்சல் தெரியாது. தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்னு சொல்லுவாங்க. நான் உன் சதைதானே?

உன் சாட்சி போச்சுன்னா பத்து வருஷம் வரைக்கும் போகலாம்னு வக்கீல் சொல்றார். வெளிய வரும்போது எனக்கு நாப்பத்தி மூணு. அதுக்கப்புறம் யாரு வேலை தருவா, யாரு பொண்ணு தருவா? கொஞ்சமா நேரம் வெச்சிருக்குறவன்கிட்டேர்ந்தே ஏன் எல்லாரும் புடுங்குறீங்க? அவன் புடுங்கினான், ஃபேக்டரி புடுங்குச்சு, இப்ப நீயா?

சொன்னதையே சொல்லுக்கா. உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன்.

அகரன்


நெரவி
23.2.2025

அகரனுக்கு.

நலமான்னு கேக்குற யோக்கியதை எனக்கு இருக்கான்னு தெரியல. இருந்தாலும் கேக்குறேன். சாப்பிடுறியா?

கோர்ட்ல நீ எதிர்லதான் நின்னே. ஆனா தரையையே பார்த்துக்கிட்டு இருந்தே, அதனால எழுதுறேன். 'செல்லமாத்தானே தட்டினார், இல்லியாம்மா?'ன்னு சோமசேகரன் எடுத்துக் குடுத்தார். நான் சாட்சிக் கூண்டுக் கட்டையில தட்டிக் காமிச்சேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. 'இப்படித்தான் தட்டினான். அன்னிக்கு எனக்கு அர்த்தம் தெரியாது, இப்போ தெரியும்'னேன். எப்படித் தெரியும்னு ஜட்ஜ் கேட்டார். 'வாரத்துக்கு ஒரு மணி நேரம் கத்துக்குறேங்கய்யா'ன்னேன். பின்னாடி யாரோ சிரிச்சாங்க.

வெளிய வந்தப்போ மதாம் மார்கெரித் நின்னுக்கிட்டு இருந்தாங்க. என் கையைப் பிடிப்பாங்கன்னு நெனைச்சேன், வெக்கங்கெட்டவ நான். 'நீ எவ்வளவு தூரத்துல நின்னே?'ன்னு கேட்டாங்க. பத்தடி இருக்கும்னேன். தலையை ஆட்டிட்டு ஆட்டோவுல ஏறிட்டாங்க. பத்தடியில அவங்க புள்ள விடு விடுன்னு கேட்டுக்கிட்டு இருந்தான். நான் சாம்பார் கூடையைப் பிடிச்சுக்கிட்டு, என்ன ஒத்துமைன்னு சிரிச்சுக்கிட்டு நின்னேன். உனக்கு ஜெயில் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?

அம்மா என்கூடப் பேசறதில்ல. தட்டுல சோத்தைப் போட்டு நகர்த்தி வைக்குது.

அந்த ஒரு வரிக்காகப் பத்தொன்பதாம் தேதி வரைக்கும் தபால்காரரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். பொய்யாவாவது எழுதியிருக்கலாம், நான் பழையபடியே சொல்லியிருப்பேன். நீ எழுதல. அதுக்காக உன்னைத் திட்டவும் முடியல, கும்பிடவும் முடியல.

கிளாஸுக்குப் போறதை நிறுத்திட்டேன்.

வெண்மதி


காலாப்பட்டு
6.7.2025

அக்காவுக்கு அகரன் எழுதுறது.

ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. ஏழு வருஷம்னு தீர்ப்பானது உனக்குத் தெரியும். அம்மாவுக்கு மாத்திரையை நேரத்துக்குக் குடு. பேசலன்னாலும் குடு.

நாலு மாசமா எழுதாததுக்குக் கோவம்தான் காரணம். இப்பவும் இருக்கு. மன்னிச்சுட்டேன்னு எழுத எனக்கு வரல. வரும்னும் தோணல.

வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும், எதுக்குக் கத்துக்குறோம்னு தெரிஞ்சாப் போதும்னு தமியேன் சொல்லுவான். பென்ஷன் வீட்டுப் பேச்சுன்னு நெனைச்சுப்பேன். உன்னைப் பார்த்தா அவன் சொன்னது சரிதான்னு படுது. அந்த நீல பெல்ட்டை வெச்சுக்கிட்டு இருக்காதே, எரிச்சுடு.

எத்தனை தடவைன்னு ரெண்டு கடுதாசியில கேட்டிருந்தே. நான் பதில் சொல்லல. கோர்ட்ல நீயா மூணுன்னு சொன்னே.

நாலு, அக்கா. நாலாவது முதுகுல இல்ல, விலாவுல. கையால கூட இல்ல, விரலால மட்டும். நீ நின்ன வாசல்லேர்ந்து அது தெரிஞ்சிருக்காது.

அகரன்